வாழ்க்கை வரலாறு வாங்கப் போகிறீர்களா? பின்பக்கத்திலிருந்து திறங்கள்

வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கு ஒரு வசதி உண்டு. அட்டையில் இருக்கும் முகத்தின் மீது நமக்கு மதிப்பு இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலே வாங்கிவிடுகிறோம். எழுதியவர் ஆவணக் காப்பகத்தில் வருடக்கணக்கில் தூசி தின்றாரா, அல்லது ஏற்கெனவே வந்த நாலு நூல்களைக் கலைத்து அடுக்கினாரா என்பது அட்டையில் தெரியாது. பின்னட்டைப் பாராட்டிலும் தெரியாது. முதல் அத்தியாயத்திலும் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் எல்லாருமே முதல் அத்தியாயத்தை நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து திறங்கள். முதலில் சான்றுக் குறிப்புகள். எத்தனை குறிப்பு என்று எண்ணுவதில் பயனில்லை, அவை எதைச் சுட்டுகின்றன என்று பாருங்கள். எல்லாமே பிற நூல்களைச் சுட்டினால் அது தொகுப்பு. கடிதம், வழக்குப் பதிவு, அரசாணை எண், அன்றைய நாளிதழின் தேதி, நேர்காணல் எடுத்த நாள் என்று போனால் அங்கே வேலை நடந்திருக்கிறது. இரண்டு தலைவர்கள் தனியறையில் பேசியது மேற்கோள் குறிக்குள் வரி வரியாக இருந்து, அதற்குக் குறிப்பே இல்லையென்றால், அந்த உரையாடல் எழுதியவரின் மேசையில் நடந்தது.

அடுத்தது சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கடைசியில் தரும் அகரவரிசைப் பட்டியல். தமிழ் நூல்களில் இது பெரும்பாலும் இருக்காது. பக்க அமைப்பு முடிந்த பிறகுதான் சொல்லடைவு தயாரிக்க முடியும், அதற்குப் பொறுமையும் கூடுதல் பக்கங்களும் வேண்டும், பதிப்பகங்கள் இரண்டையும் மிச்சம் பிடிக்கின்றன. இருக்குமானால் அமைச்சர்கள், பிரமுகர்கள் பெயரைத் தேடாதீர்கள். மனைவி அல்லது கணவர் பெயர், உடன்பிறந்தவர் பெயர், கடன், நோய், வழக்கு ஆகியவற்றைத் தேடுங்கள். மனைவிக்கு இரண்டே பக்க எண்கள் இருந்து, ஒன்று திருமணம், மற்றொன்று மரணம் என்றால், அந்த நூலில் நாயகர் வீட்டுக்கே போகவில்லை என்று பொருள்.

மூன்றாவது சோதனை, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைப் புத்தகத்தில் தேடிப் படிப்பது. வ.உ.சி. பற்றிய நூல் என்றால் சோதனை எளிது. தண்டனையையும் சிறையில் இருந்த காலத்தையும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனை; இருபதும் இருபதுமாக நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் கைதானது 1908 மார்ச் 12. வெளியே வந்தது 1912 டிசம்பர் 24. ஆக உள்ளே இருந்தது நான்கு ஆண்டு ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். 'நாற்பதாண்டுச் சிறை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு நகரும் நூல் வேறு எதையும் சரிபார்த்திருக்காது. நெல்லைக் கலெக்டர் ஆஷ் கொலை 1911 ஜூன் 17. அன்று வ.உ.சி. சிறையில் இருந்தார். இதையும் குழப்பி எழுதும் நூல்கள் உண்டு.

இந்தச் சோதனைகளையெல்லாம் வைத்துப் பார்த்தால் கடந்த சில ஆண்டுகளில் தமிழ் வாசகருக்குக் கிடைத்த மிகச் சிறந்த வரவு, ஆ. இரா. வேங்கடாசலபதி வ.உ.சி.யைப் பற்றி எழுதியிருக்கும் மூன்று நூல்கள். ஒன்று ஆங்கிலம், இரண்டு தமிழ். ஒரே ஆளைப் பற்றி மூன்று நூலா என்று தோன்றலாம். மூன்றும் மூன்று வேறு கேள்விக்கு விடை.

சிறியதிலிருந்து தொடங்கலாம். 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா'. தலைப்பே ஒரு கணக்கு. வ.உ.சி. சிறைப்பட்டு நொடித்துப்போனதை அறிந்த தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் கொடுத்தார்கள். அது காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. 1915இல் காந்தி இந்தியா திரும்பினார். சென்னையில் வறுமையில் இருந்த வ.உ.சி. அவருக்குக் கடிதம் எழுதினார். போய்வந்த கடிதங்கள் பல. பணம் வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டில்தான். 'காந்தி வ.உ.சி. பணத்தை அமுக்கிவிட்டார்' என்று இன்றைக்கும் ஆண்டுதோறும் சுற்றிவரும் பேச்சின் வேர் இதுதான். மேடையில் இதைச் சொல்கிறவர்களும் சான்று காட்டுவதில்லை, மறுக்கிறவர்களும் காட்டுவதில்லை.

இந்தப் புத்தகம் கடிதங்களை வரிசைப்படுத்தி வைக்கிறது. யார் எப்போது எழுதினார், பதில் எத்தனை நாளில் வந்தது, எந்த வாக்கியத்தில் தயக்கம், எந்த வாக்கியத்தில் தன்மானம். பணம் கேட்டு எழுத நேர்ந்த ஒரு மனிதர் கெஞ்சாமலும் மறைக்காமலும் எழுதுவது எப்படி என்பதை இதில் பார்க்கலாம். காந்தி கணக்குப் பார்ப்பதில் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதும் தெரிகிறது. முடிவில் வழக்கு தீர்கிறது, ஆனால் எந்தப் பக்கத்து மேடைப் பேச்சாளருக்கும் பிடிக்காத வகையில். முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய்க்கு ஒரு புத்தகமா என்று கேட்பவர்கள் முதல் முப்பது பக்கம் படித்துப் பார்க்கட்டும். (ஒரு ரூபாய்க்கு 16 அணா. 12 அணா என்றால் முக்கால் ரூபாய். நாற்பது வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.)

இரண்டாவது, 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. காலச்சுவடு வெளியீடு. வ.உ.சி. கைதான மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, நெல்லையில் கடைகள் மூடின, அரசுக் கட்டடங்கள் எரிந்தன, போலீஸ் சுட்டதில் நால்வர் இறந்தனர். கண்டிப்பாகச் சொன்னால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது, ஒரு நாளின் வரலாறு. ஆனாலும் வாழ்க்கை வரலாற்று வாசகர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஒரு தலைவரின் கதையை அந்தத் தலைவர் களத்தில் இல்லாத ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியும் என்பதற்கு இது சான்று. அவர் உள்ளே பூட்டப்பட்டிருக்கிறார், ஊர் வெளியே கொதிக்கிறது. அவருடைய செல்வாக்கு எவ்வளவு என்பதை எந்தப் புகழுரையையும்விட அந்த நாள் நன்றாக அளந்து காட்டுகிறது.

மூன்றாவது, பெங்குயின் குழுமம் வெளியிட்ட ஆங்கில நூல், 'சுவதேசி ஸ்டீம்'. பெரிய நூல், நிதானமாகப் படிக்க வேண்டியது. இதை எழுதியவர் பள்ளிப் பருவத்திலிருந்தே வ.உ.சி.யின் கடிதங்களைத் தேடியவர், 'வ.உ.சி. கடிதங்கள்' தொகுப்பை 1984இலேயே வெளியிட்டவர். அந்த நாற்பதாண்டுத் தேடல் ஆங்கில நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

இதன் நாயகர் வ.உ.சி. மட்டும் இல்லை, ஒரு கம்பெனியும்தான். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், ஆசியக் கடல்களில் பெரும் பகுதியைக் கையில் வைத்திருந்த நிறுவனம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே உள்ள சின்னஞ்சிறு கடல்வழியில் இரண்டும் மோதின. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய் எதிராளியை மூச்சுமுட்டச் செய்வது பெரிய கம்பெனியின் வழக்கமான உத்தி. பள்ளிப் பாடத்தில் இது 'இலவசப் பயணம், கூடவே குடை' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது. ஒரு புதிய கம்பெனி கப்பலை வாடகைக்கு எடுப்பதில் உள்ள சிக்கல், வாடகைக்குத் தருபவர் மிரட்டப்பட்டுப் பின்வாங்குவது, சொந்தக் கப்பல் வாங்க ஐரோப்பா வரை ஆளனுப்பியது, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்ததும் ஊர் திரண்டது, அதன்பின் அவற்றை நடத்த ஆகும் செலவு என்று வரிசையாகப் பார்க்கும்போதுதான் இது உணர்ச்சிக் கதை மட்டும் இல்லை, வியாபாரக் கதையும் என்று புரியும். இயக்குநர்களுக்குக் கம்பெனி பிழைக்க வேண்டும், வ.உ.சி.க்கு நாடே பிழைக்க வேண்டும். அந்த இழுபறியைப் பழைய நூல்கள் துரோகம் என்ற ஒற்றைச் சொல்லால் தாண்டிப் போய்விடும்.

தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தமும் இப்படித்தான். 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கியது, ஒன்பது நாளில் தொழிலாளர் கோரிக்கை பெருமளவுக்கு ஏற்கப்பட்டது. கப்பல் கம்பெனியின் பங்குதாரர் வணிகர், வேலைநிறுத்தம் செய்பவர் கூலித் தொழிலாளி. இரு தரப்பும் ஒரே தலைவரின் பின்னால் நின்ற அந்தக் கிழமையைத்தான் அரசு கண்டு அஞ்சியது.

குறை என்றால் ஒன்று. வ.உ.சி.யின் விடுதலைக்குப் பிந்தைய இருபத்து நான்கு ஆண்டுகளை எதிர்பார்த்து இந்த ஆங்கில நூலை எடுப்பவர்கள் ஏமாறலாம். அதன் மையம் கப்பலும் 1906 முதல் 1908 வரையிலான போராட்டமும். மண்ணெண்ணெயும் அரிசியும் விற்றுப் பிழைக்கப் பார்த்தது, வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னது பறிபோய், வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் திரும்பக் கிடைத்தது, அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தது, தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தது, திருக்குறளுக்கு உரை எழுதியது: இந்த இரண்டாம் வாழ்க்கைக்குத் தனியாக ஒரு பெரிய நூல் வேண்டும். தலைவர்கள் தோற்ற பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எழுத நம் ஆட்களுக்கு ஏனோ கை வருவதில்லை.

இந்த மூன்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியது வ.உ.சி. தானே எழுதிய சுயசரிதை. அகவற்பாவில் எழுதியது, அவர் 1936இல் மறைந்து பத்து ஆண்டு கழித்து 1946இல் நூலானது. செய்யுள் என்று பயந்து பலர் தொடுவதில்லை. வாங்கும்போது ஒன்றே ஒன்று கவனியுங்கள்: சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பா என்று பாருங்கள். பிரிக்காத பதிப்பில் நாலு பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். பிரித்த பதிப்பை வாய்விட்டுப் படித்தால் உரைநடை போலவே ஓடும். கோவைச் சிறையில் கைத்தோல் உரிந்ததைக் கண்ட ஜெயிலர், மாட்டுக்குப் பதிலாகத் தன்னை வெயிலில் செக்குத் தள்ள அனுப்பியதைச் சொல்லிவிட்டு வ.உ.சி., அந்த ஜெயிலரின் அன்பை வியந்து ஒரு வரி போடுவார். புலம்பல் கிடையாது, நக்கல்தான். 'செக்கிழுத்த செம்மல்' என்று சிலை வைத்தோம், அந்த மனிதரின் கிண்டலை மறந்துவிட்டோம். ம.பொ.சி. எழுதிய வரலாறும் அதைத் தழுவி 1961இல் வந்த படமும் அவரைத் தியாகியாக நிறுத்தின. செய்யுளில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் சுவையான ஆள்.

படிக்கும் வரிசை: முதலில் 347 ரூபாய், இரண்டு மாலையில் முடியும். அதன்பின் சுயசரிதை. அதன்பின் எழுச்சி நூல். ஆங்கில நூலைக் கடைசியாக. தலைகீழாகப் போனால் கம்பெனிக் கணக்கிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஆங்கில நூலுக்கு ஒரு துண்டுத்தாளில் தேதிகளையும் இயக்குநர் பெயர்களையும் குறித்துக்கொண்டே போங்கள். பெயர்கள் அதிகம், ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் வருவார்கள்.

தன்வரலாறுகளுக்கு இந்தச் சோதனைகள் அப்படியே பொருந்தா. தன் அம்மாவைப் பற்றி எழுதுபவரிடம் போய் அடிக்குறிப்பு எங்கே என்று கேட்க முடியாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. எழுதுபவர் தனக்குச் சாதகமில்லாததை எத்தனை இடத்தில் சொல்கிறார்? நினைவு மங்கிய இடத்தில் மங்கியது என்று ஒப்புக்கொள்கிறாரா? ஐந்து வயதில் கேட்ட பேச்சைச் சொல் மாறாமல் ஒப்பிக்கிறாரா? எல்லாச் சண்டையிலும் அவரே ஜெயிக்கிறாரா? நாலாவதற்கு ஆம் என்று விடை வந்தால் கீழே வைத்துவிடலாம். அரசியல்வாதிகளின் தன்வரலாறுகளில் பெரும்பான்மை இந்த வடிகட்டியைத் தாண்டாது. அவற்றை ஆவணமாக வைத்துக்கொள்ளலாம், வாசிப்பாக அல்ல.

2025இல் வந்த அருந்ததி ராயின் 'மதர் மேரி கம்ஸ் டு மீ' தாண்டுகிறது. தாய் மேரி ராய் 2022 செப்டம்பரில் மறைந்த பிறகு எழுதியது. மேரி ராய் யார் என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்றவர். கோட்டயத்தில் பள்ளி நடத்தியவர். அதே பெண்மணி சொந்தப் பிள்ளைகளிடம் எவ்வளவு கடுமையாக நடந்துகொண்டார் என்பதுதான் புத்தகம். பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாக மகளும் அவரை 'மிஸஸ் ராய்' என்றே அழைத்திருக்கிறார். நூலிலும் அப்படியே எழுதுகிறார். அந்த ஒரு விளிச்சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

நூலின் தொடக்கத்தில் ஊட்டி வருகிறது. கணவரைப் பிரிந்து பிள்ளைகளோடு தன் தகப்பன் வீட்டில் வந்து தங்கிய மேரி ராயைத் தாயும் அண்ணனும் வந்து வெளியேறச் சொல்கிறார்கள். அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் செல்லாது என்று வக்கீல் சொன்னதால் வீடு தப்புகிறது. பின்னால் வரப்போகும் பெரிய வழக்கின் விதை இந்தச் சின்ன வீட்டில் விழுகிறது. இப்படி ஒரு சட்ட நுணுக்கத்தைக் குழந்தையின் பயத்தோடு சேர்த்துக் கட்டத் தெரிவதுதான் நாவலாசிரியர் கை. பின்பாதியில் நூல் அருந்ததியின் பொதுவாழ்வின் பக்கம் திரும்பும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. ஏற்கெனவே கட்டுரைகளாகப் படித்தவர்கள் அந்த இடங்களை விரைந்து கடக்கலாம். அம்மா திரும்பி வரும் ஒவ்வொரு பக்கமும் மறுபடி உயிர் பெறுகிறது.

இதோடு பெருமாள்முருகனின் 'தோன்றாத் துணை'யைச் சேர்த்து வைத்துப் படிப்பது நல்லது. 2019இல் வந்தது, தன் தாய் பெருமாயியைப் பற்றிய கட்டுரைகள். கொங்கு நாட்டு மேட்டுக்காட்டு விவசாயப் பெண். வழக்கு இல்லை, பள்ளி இல்லை, உலகம் அறிந்த பெயர் இல்லை. காடு, ஆடு மாடு, சமையல், சிக்கனம், பிள்ளை வளர்ப்பு. பொதுவாழ்வே இல்லாத ஒருவரின் வரலாற்றை எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு இது பாடப்புத்தகம்: நாட்களின் வரிசையை விட்டுவிட்டு வேலைகளின் வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா என்ன செய்தார், எதைக் கொண்டு செய்தார், எதை வீணாக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டே போனால் ஆள் எழுந்து நிற்கிறார். வட்டார வழக்குச் சொற்கள் நிறைய வரும், கொங்குப் பகுதிக்கு வெளியே இருப்பவர்கள் முதல் இரண்டு கட்டுரையில் கொஞ்சம் தடுக்கி விழுவார்கள். அகராதியைத் தேடாமல் தொடர்ந்து படியுங்கள், இடம் பார்த்துப் பொருள் தானே விளங்கும்.

இரண்டு நூலின் தலைப்பும் பாட்டிலிருந்து எடுத்தவை என்பது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல். ஒன்று பீட்டில்ஸ் பாட்டு. மற்றது அப்பர் தேவாரம், 'ஈன்றாளுமாய்' என்று தொடங்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகம். அங்கே புயல் மாதிரி ஒரு தாய், இங்கே கண்ணுக்குத் தெரியாமல் நின்று தாங்கும் தாய். முதலாவதில் மகள் கோபத்தை மறைக்கவில்லை, இரண்டாவதில் மகன் பிரியத்தை மறைக்கவில்லை. நேர்மையில் மகள் ஒரு படி மேலே, நுணுக்கத்தில் மகன். பெருமாள்முருகன் கட்டுரைகளில் தாயின் மீது ஓர் எரிச்சலாவது இன்னும் கொஞ்சம் நீடித்திருக்கலாம் என்று தோன்றும்.

சல்மான் ருஷ்டியின் 'நைஃப்' (2024) மெலிந்த நூல். 2022 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் ஷடாக்வாவில் மேடையில் வைத்து அவர் குத்தப்பட்டார். தாக்குதல் நீடித்தது 27 வினாடி. வலது கண் போயிற்று. தாக்கியவனின் பெயரை நூல் முழுக்க அவர் எழுதவே இல்லை, ஓர் எழுத்தாலேயே குறிக்கிறார். முதல் பாதியில் மருத்துவமனைப் பக்கங்கள் அபாரம்: கை நரம்பு, இமை தைத்தது, உடம்பில் செருகிய குழாய்கள் எல்லாவற்றையும் பிறர் உடம்பைப் போலத் தள்ளி வைத்துப் பார்க்கிறார். தாக்கியவனோடு கற்பனையாக உரையாடும் அத்தியாயம்தான் நொண்டுகிறது. இரண்டு குரலும் ருஷ்டியின் குரலாகவே கேட்கின்றன, எதிராளிக்கு ஒரு நல்ல வாதம்கூடக் கிடைப்பதில்லை. வழக்கின் தீர்ப்பு வருமுன் எழுதியது. 2025இல்தான் அந்த ஆளுக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தார்கள். ஒரே அமர்வில் படிக்கலாம்.

ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவல்னியின் 'பேட்ரியட்' இரண்டு புத்தகம் ஒட்டியது மாதிரி இருக்கும், ஒட்டிய இடம் தெரியும். 2020 ஆகஸ்டில் நோவிசோக் நச்சால் விமானத்தில் சரிந்தது, ஜெர்மனியில் பிழைத்தது, அங்கே இருந்தபோது எழுதத் தொடங்கிய வாழ்க்கைக் கதை என முன்பாதி. 2021 ஜனவரி 17 அன்று மாஸ்கோவில் இறங்கியதுமே பிடித்துக்கொண்டார்கள். பின்பாதி சிறை நாட்குறிப்புகளும் வெளியே அனுப்பிய சமூக ஊடகப் பதிவுகளும். 2024 பிப்ரவரி 16 அன்று ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால் உள்ள சிறையில் இறந்தார், நூல் அக்டோபரில் வந்தது. நாட்குறிப்பில் ஒரே மாதிரி நாட்கள் திரும்பத் திரும்ப வரும். சலிப்பாக இருக்கிறது என்று தள்ளாதீர்கள். சிறையின் வேலையே அந்தச் சலிப்புதான், அதற்குள் இருந்துகொண்டு அவர் தினமும் ஒரு நகைச்சுவையைத் தேடிப் பிடிக்கிறார். வ.உ.சி.யின் அகவலுக்குப் பிறகு இதைப் படித்தால் இரண்டு கைதிகளும் ஒரே மாதிரி ஜெயிலரைக் கிண்டலடிப்பதைக் காணலாம். ரஷ்ய அரசியல் பழக்கமில்லாதவர்கள் பின்பாதியை முதலில் படித்துவிட்டு முன்னால் போகலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

இசை ரசிகர்களுக்கு ஒன்று. எம்.எஸ். சுப்புலட்சுமி பற்றிக் கேசவ தேசிராஜு எழுதி 2021இல் வந்த ஆங்கில நூல், 'ஆஃப் கிஃப்டட் வாய்ஸ்'. எழுதியவர் மத்திய அரசில் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்தவர், அதே ஆண்டில் மறைந்தார். எம்.எஸ். பற்றி எழுதுபவர்கள் ஒன்று அம்மன் சிலை செய்கிறார்கள், இல்லையென்றால் பழைய காதல் கடிதங்களின் பின்னால் ஓடுகிறார்கள். இவர் தாயார் மதுரைச் சண்முகவடிவின் வீட்டிலிருந்து ஐ.நா. மேடை வரையிலான பயணத்தையும் அதில் கணவர் சதாசிவத்தின் கையையும் சொல்லத் தவறவில்லை, ஆனாலும் கவனமெல்லாம் பாட்டின் மேல். என்ன பாடினார், யாரிடம் பாடம், எந்த உருப்படி எப்போது கச்சேரிக்குள் வந்தது என்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். சங்கீதம் தெரியாதவர்களுக்குச் சில பக்கங்கள் கச்சேரிப் பட்டியல் போலத் தோன்றும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பேசப்படும் பாட்டின் பதிவைத் தேடிக் கேட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள். அப்படிப் படித்தால் ஒரு மாதம் ஓடும், அதுதான் இந்த நூலுக்கு ஏற்ற வேகம்.

பழைய நூல்களைப் புதுப் பதிப்பில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தவர். எனவே 'என் சரித்திரம்' இப்போது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். பல பதிப்புகள் பழைய அச்சைக் கணினியில் வருடி எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்க்காமல் வந்தவை. ண, ன குழம்பும், ஒற்று விழுந்துவிடும், பாட்டும் உரைநடையும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். வாங்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். மொத்தம் 122 அத்தியாயம் இருக்கிறதா, இல்லை எங்காவது 'சுருக்கம்' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறதா? செய்யுள் வரும் ஒரு பக்கத்தைத் திறந்தால் அடி அடியாகப் பிரித்திருக்கிறதா? ஊர்ப் பெயர்கள் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக வருகின்றனவா? சந்தேகம் இருந்தால் சென்னை உ.வே.சா. நூலகப் பதிப்பே பாதுகாப்பு.

அந்த நூல் முடிவு பெறாமலே நிற்கும். விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே ஐயர் மறைந்தார். சொந்த வாழ்க்கையின் கடைசி நாற்பதாண்டுகள் அதில் இல்லை. கடைசி அத்தியாயம் சட்டென்று நிற்பதைப் பார்த்துப் பக்கம் கிழிந்துபோன பிரதி என்று நினைத்துக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.